வேர் கிடக்கா, போச்சா?

(திருகோணமலை நகரின் வாசிகசாலை ஒன்றில், மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னுக்கு வந்துவிடுங்கள், அந்தப் பக்கம் கூரை ஒழுகும் என்று இப்போதுதான் செயலாளர் காதுக்குள் சொன்னார்.

இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்தேன். நிர்மூலம். நல்ல நாளும் அதுவுமாக ஏன் இந்தச் சொல் என்று கேட்பீர்கள். நான் படிப்பித்த காலத்தில் ஒரு பெடியன் கட்டுரையில் இப்படி எழுதினான்: "மழையால் எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி நிர்மூலமானது." சிவப்பு மையால் வெட்டி, 'குழம்பியது' என்று போட்டுக் கொடுத்தேன். "ஏன் சேர், பேப்பரில் அப்படித்தானே போடுகிறார்கள்?" என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். பேப்பரில் பந்துவீச்சு நிர்மூலமாகிறது, தேர்தலில் கட்சி நிர்மூலமாகிறது. ஐந்து வருடத்தில் அதே கட்சி ஆட்சிக்கு வந்து மாலை போட்டுக்கொள்கிறது. அப்போது நிர்மூலமானது எது?

வடமொழியில் நிர் என்றால் இல்லாத, மூலம் என்றால் வேர். வேர் இல்லாமல் போவதுதான் நிர்மூலம். (மூலம் என்றதும் அங்கே இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். அந்த மூலமும் இதே சொல்தான். நிர்மூலம் என்று ஒரு லேகியத்துக்குப் பேர் வைத்தால் நன்றாக விற்கும்.) இதையே தமிழில் எப்படிச் சொல்கிறோம்? வேரோடு போனது, வேரடி மண்ணோடு போனது என்கிறோம். வடசொல் 'வேர் இல்லாமல்' என்கிறது, தமிழ் 'வேருடன்' என்கிறது. எதிரும் புதிருமான இரண்டுக்கும் பொருள் ஒன்று! ஒன்று, பிடுங்கிய பிறகு கிடக்கிற குழியைப் பார்த்துச் சொன்ன சொல். மற்றது, பிடுங்கியவன் கையில் தொங்குவதைப் பார்த்துச் சொன்ன சொல்.

சின்ன வயதில் எங்கள் வீடு கோட்டை வாசலுக்குக் கிட்ட இருந்தது. கோட்டைப் புள்ளிமான்கள் ஊருக்குள் திரிவது உங்களுக்குப் புதினமில்லை. விடியப்புறம் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து அம்மம்மாவின் பசளிப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகும். "நாசமறுவான்ரை மானுகள், ஒண்டும் மிச்சம் விடேல்லை" என்று விளக்குமாற்றோடு ஓடுவார். திரும்பி வந்து குனிந்து, ஒரு தண்டை அடியில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். "வேர் கிடக்கு, தளைக்கும்" என்றுவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கப் போய்விடுவார். நிர்மூலத்துக்கு அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் அந்தத் 'தளைக்கும்' என்பதைச் சொன்னதில்லை. தனுஷ்கோடியைக் கொண்டுபோன அதே புயல்தான் இங்கேயும் கரையேறியது. வேர் மேலே, தலை கீழே என்று மரங்கள் கிடந்ததாம்.

இந்தச் சொல்லுக்குக் கூடப்பிறந்தவர்கள் பலர். பூண்டோடு அழிவது குலத்துக்கும் குடும்பத்துக்கும் சொல்வது. அது புல்பூண்டு. இந்தியாவில் ரசத்துக்குத் தட்டிப் போடுகிறார்களே, அது இல்லை. அதற்கு நாங்கள் உள்ளி என்போம். கூண்டோடு என்பது வேறு. கூண்டோடு பதவி விலகலாம், கூண்டோடு பிடிபடலாம், அழியவேண்டும் என்று இல்லை. துவம்சத்தைக் கிரிக்கெட்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

அழி என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைத்திருந்தது அழிரப்பர். காசைச் செலவழிக்கிறோம். இத்தனை பயங்கரமான சொல் பென்சில் பெட்டிக்குள்ளும் மடிப்பெட்டிக்குள்ளும் சாதுவாக இருக்கிறது. ரப்பரால் அழித்த தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பழைய எழுத்தின் பள்ளம் தெரியும். அழிவு என்பதற்குள் தடம் மிஞ்ச இடம் உண்டு. நிர்மூலத்துக்குள் இல்லை.

சிவன் கோயில் ஊரில் இருந்துகொண்டு சங்காரத்தை விடவும் முடியாது. அதன் மூலப்பொருள் கொல்வதே அல்ல, சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்வது. விரித்த பாயைச் சுருட்டுகிற மாதிரி. அதனால்தான் சைவ சித்தாந்தம் அதை ஒடுக்கம் என்கிறது, பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாற்றல் என்றும் சொல்கிறது. சூரசங்காரத்தில்கூடச் சூரன் இல்லாமல் போகவில்லையே, சேவலும் மயிலுமாய்க் கோயிலிலேயே நிற்கிறான்.

இனி எங்கள் கோட்டை வாசல். இரட்டை மீன் சின்னமும் எழுத்துச் சிதைந்த கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் பாடமான வரிதான்: "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே." குளக்கோட்டன் இங்கே கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயன். 17ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை எழுந்தது. இவ்வளவு பெரிய அழிவுக்கு அந்த வரி எடுத்த வினை எது? அழிக்கவில்லை, இடிக்கவில்லை, தகர்க்கவில்லை. பிரிக்க. கலியாண வீட்டுப் பந்தலைப் பிரிக்கிறோம், கிடுகுக் கூரையைப் பிரிக்கிறோம். அதே கம்பு அடுத்த வீட்டுப் பந்தலுக்குப் போகிறது. மூட்டியதைப் பிரித்தார்கள் என்பது ஒரு கொத்தன் பார்வையில் வந்த சொல். கல் கோட்டைக்குள் நிற்கிறது, எனவே கணக்கிலும் சரியான சொல். மோனைக்காக வந்து விழுந்தது என்று யாராவது சொல்லலாம். விழுந்தாலும் இடம் பார்த்து விழுந்திருக்கிறது.

வேர் கிடந்ததா என்பதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வந்தன. 1956இல், விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன், கோயில் நின்ற மலையின் அடிவாரத்தில் சுழியோடிக் கடலடியில் கோயிற் கற்களைக் கண்டார். 1963இல் கோணேசர் கோயிலுக்குத் திரும்பக் குடமுழுக்கு.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. என் வயதுக்காரர்கள் நிர்மூலம் என்ற சொல்லைத் தமிழ்ப் பாடத்தில் படிக்கவில்லை, போர்க்கால வானொலிச் செய்தியில் படித்தோம். முகாம் நிர்மூலம், நிலை நிர்மூலம், படகு நிர்மூலம். எந்தப் பக்கத்துச் செய்தி என்றாலும் சொல் அதேதான். அதைக் கேட்டபிறகு ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "வீடு போச்சு" என்றார்கள், அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் அப்படித்தான். "கடல் கொண்டுபோட்டுது" என்றார்கள். கடல்கோள் என்ற பழைய சொல்லில் இருக்கிற அதே 'கொள்'. படித்தவர்கள் மறந்திருந்ததைக் கரைவலைக்காரர்கள் கையோடு வைத்திருந்தார்கள்.

பேச்சை முடித்து உட்கார்ந்தபிறகு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, உங்கடை அம்மம்மா மானுக்குச் சொன்னதுக்கு என்ன விளக்கம்?"

நாசமறுவான். எனக்கும் நெடுநாள் யோசனை அது. பிரித்துப் பார்த்தால் நாசம், அறு. நாசம் அறுந்துபோகட்டும், கேடு இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'நாசமத்துப் போ' என்று திட்டுவதும் அப்படித்தான். வாயில் திட்டாகவும் இலக்கணத்தில் வாழ்த்தாகவும் இருக்கிற சொல் என்று விளக்கினேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "அப்ப நாற்பது வருசமா இந்த மனுசனை வாழ்த்திக்கொண்டெல்லோ இருந்திருக்கிறன்" என்றார்.