ரயிலில் ஐந்து நிமிடம், காலால் இரண்டு மணி நேரம்

வணக்கம் மக்களே. ஆடியோவில் புஸ் புஸ்ஸென்று கேட்டால் அது காற்று இல்லை, நான்தான். இத்தாலியின் லிகூரியா கடற்கரைக்கு மேலே, வொலாஸ்த்ரா என்ற குட்டி மலையூரில், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடல் 300 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மனரோலாவுக்கு இறங்கியாக வேண்டும், முழுக்கப் படிதான், முட்டி இப்போதே கெஞ்சுகிறது.

இந்தக் கடற்கரைப் பகுதியின் பெயர் சிங்க்வே தெர்ரே, அப்படியென்றால் ஐந்து நிலம். நமக்கு உடனே ஐந்திணை ஞாபகம் வரும், இல்லையா? ஆனால் இங்கே இருப்பது இரண்டே திணைதான், குறிஞ்சி முடிகிற இடத்தில் நெய்தல் தொடங்கிவிடுகிறது, நடுவில் ஒரு பஸ் திரும்பக்கூட சமதரை கிடையாது. மான்டெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே, இவைதான் அந்த ஐந்து ஊர். ரயிலில் ஏறினால் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும், ஆனால் பெரும்பாலும் சுரங்கம், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

காலையில் மான்டெரோஸ்ஸோவில் செருப்போடு கிளம்பினேன். தங்கியிருந்த வீட்டு அம்மா என் காலையே பார்த்தார், "நோ, நோ" என்று தலையாட்டினார், மலையைக் காட்டினார், அப்புறம் விரலைத் தேய்த்துப் பணம் என்று சைகை செய்தார். விஷயம் என்னவென்றால், சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்காவின் பாதைகளில் பொருத்தமில்லாத செருப்போடு நடந்தால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் போட 2019-இல் விதி கொண்டுவந்தார்கள். ஓடிப்போய் ஷூ மாட்டினேன். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம், ஏனென்றால் வெர்னாட்சாவுக்குப் போகும் மூன்றரை கிலோமீட்டரும் ஏற்றம், இறக்கம், வழுக்குக் கல், சில இடத்தில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். நடுக்காட்டில் பூனைகளுக்கென்று ஒரு சின்னக் குடில் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் உண்டியல். அங்கே மட்டும் பதினைந்து நிமிடம் போய்விட்டது, அது தனி வீடியோவாக வரும்.

சரி, நான் சொல்ல வந்தது சுவரைப் பற்றி. எல்லாரும் மஞ்சள், ரோஸ் வீடுகளைத்தான் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். ஆனால் இந்த மலையையே பிடித்துக்கொண்டிருப்பது இதோ, என் கை வைத்திருக்கிற இந்தச் சுவர்தான். கிட்டே காட்டுகிறேன். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, பெரிய கல்லுக்கு இடையில் சின்னக் கல்லைச் சொருகி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் உள்ளே தேங்காமல் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும், அதனால்தான் நிற்கிறது. நூற்றுக்கணக்கான வருடங்களாக இப்படிப் படிப்படியாகக் கட்டித்தான் திராட்சை போட்டிருக்கிறார்கள். பறித்த கூடைகளைக் கொண்டுபோக ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று சரிவில் செங்குத்தாக ஓடுகிறது, பார்த்தாலே வயிறு கலங்கும். இந்தத் திராட்சையைக் காயவைத்துப் பிழிந்து ஷாக்கெத்ரா என்று இனிப்பு ஒயின் செய்கிறார்கள்.

விவசாயத்தை விட்டால் சுவரைப் பார்க்க ஆள் இல்லை, சுவர் சரிந்தால் மண்ணும் சரியும். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி கொட்டிய மழையில் வெர்னாட்சா தெருவே சேற்றில் புதைந்தது, உயிர்களும் போயின. இன்று அதே தெருவில் உட்கார்ந்து நான் ஃபொகாச்சா ரொட்டி தின்றேன்.

கொர்னிலியா மட்டும் கடலோரத்தில் இல்லை, பாறை உச்சியில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து சுமார் 380 படி ஏற வேண்டும். நான் வெர்னாட்சாவிலிருந்து பாதை வழியாக நேரே ஊருக்குள் வந்துவிட்டதால், ஐஸ்கிரீமோடு மேலே நின்று அவர்கள் ஏறுவதை வேடிக்கை பார்த்தேன். அந்தப் பாவம்தான் இப்போது முட்டியில் வலிக்கிறது. அங்கிருந்து மனரோலாவுக்குப் போகும் கீழ்ப் பாதை மண் சரிந்து பல வருடமாக மூடிக் கிடக்கிறது, அதனால்தான் இந்த வொலாஸ்த்ரா சுற்று. எனக்கு இதுதான் பிடித்தது, திராட்சைக் கொடிக்கும் கடலுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை, கூட்டமே இல்லை.

மனரோலாவிலிருந்து ரியோமஜ்ஜோரேவுக்குப் போகிற காதல் பாதையைப் பற்றிக் கேட்பீர்கள். 2012-இல் பாறை விழுந்து மூடியது, 2024-இல்தான் திறந்தார்கள், அதற்குத் தனியாக நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. தனியாக வந்தவளுக்குக் காதல் பாதை எதற்கு, சொல்லுங்கள்?

பேட்டரி ஆறு சதவீதம். ஷூவை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன், கீழே சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன்.