மெதுவான நோய் வேகமெடுக்கும்போது

வணக்கம் நேயர்களே. சி.எல்.எல். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. நிதானமாக நகர்வது. பலருக்கு வருடக்கணக்கில் மருந்தே வேண்டியிருக்காது. அவ்வப்போது வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவோம். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பினால் யாருக்கு நிம்மதி இருக்கும்? ஆனாலும் அவர்களுக்கு அதுதான் சரியான வழி.

நூற்றில் 2 முதல் 10 பேருக்கு மட்டும் அந்த நோய் குணம் மாறி, வேகமாக வளரும் லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக, ஆகிவிடுகிறது. 1928இல் மாரிஸ் ரிக்டர் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இதை எழுதிவைத்தார். அதனால் ரிக்டர் மாற்றம் என்கிறோம். கழுத்திலோ அக்குளிலோ இருக்கும் நெறிக்கட்டி சில வாரங்களில் பெருத்துவிடும். காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு எல்லாம் வரும். ரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவும் எகிறும்.

அபூர்வமாக இது இதயத்துக்கும் போகும். அப்போதுதான் குழப்பம். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் வயதைக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். போதாததற்கு, சி.எல்.எல்.லுக்குத் தரும் இப்ருடினிப் மாத்திரையே இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கலாம். ஆக, பழி மாத்திரைமேல் விழும், கட்டி தப்பித்துக்கொள்ளும். இதய மருத்துவரிடம் போகிறவர்கள் தங்களுக்கு சி.எல்.எல். இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எக்கோ எடுத்தால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பதோ, அறைக்குள் கட்டி இருப்பதோ தெரியும், பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான். எங்கே ஊசியால் திசு எடுக்கலாம் என்று, நோய் தீவிரமாக இருக்கும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் வழிகாட்டும். ஆனால் திசுவை எடுத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதயத்தைத் தொடாமல், எளிதாக எட்டும் நெறிக்கட்டியிலிருந்தோ, கோத்த நீரிலிருந்தோ எடுக்க முடிந்தால் நல்லது.

சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. வழக்கமாகத் தரும் கூட்டு மருந்துகளில் ஒன்றான டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. இதயச் சுவரையே அரித்திருக்கும் கட்டி சட்டென்று கரைந்தால் சுவர் கிழியும் அபாயமும் இருக்கிறது. அதனால் சில மருத்துவர்கள் முதலில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துக் கட்டியை மெல்லச் சுருக்குவார்கள். அப்புறம்தான் முழு மருந்து. இந்த மாற்றம் வந்தபின் நோயைக் கட்டுப்படுத்துவது கடினம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கட்டியின் அழுத்தத்தால் மின்னோட்டம் தடைபட்டு மெதுவாகிப்போன இதயத் துடிப்பு, மருந்தில் கட்டி சுருங்கியதும் தானாகவே சரியானதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படாமலே போய்விடலாம்.