தினமும் 10,000 கோடி பாக்டீரியாக்களை விழுங்குகிறீர்கள்! வாய்க்கும் வயிற்றுக்கும் என்ன கணக்கு?

[திரையில்: காலியான ஒரு லிட்டர் பாட்டில்]

ஒரு நாளில் நீங்கள் விழுங்கும் பாக்டீரியாக்கள் சுமார் 10,000 கோடி. பானிபூரிக் கடைக்காரரை முறைக்காதீர்கள், அவர் பாவம். இவை அத்தனையும் உங்கள் வாயிலேயே விளைந்தவை. ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் ஏறத்தாழ 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு நாளில் ஒரு லிட்டர் அளவுக்கு உமிழ்நீர் சுரக்கிறது. துப்பியது போக மிச்சமெல்லாம் வயிற்றுக்குத்தான். பெருக்கிப் பாருங்கள்.

பயம் வேண்டாம், பெரும்பாலானவை வயிற்று அமிலத்தில் செத்துவிடும். தப்பிக்கிற சில உண்டு, அவற்றிடம் பிறகு வருவோம்.

பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது, அதனால்தான் வெறும் சோற்றை நிதானமாக மென்றால் இனிக்கிறது. விழுங்கிய பிறகும், அமிலம் உணவுக்குள் ஊறிச் சேரும்வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். இனி எனக்குப் பிடித்த ஆளிடம் போகலாம்.

[திரையில்: கோட்டு சூட்டு அணிந்த பழைய கால மனிதர்]

ஹோரஸ் பிளெட்சர். அமெரிக்க வியாபாரி, 1849-ல் பிறந்தவர். நாற்பதுகளில் உடல் பெருத்துவிட்டது. ஆயுள் காப்பீடு கேட்டுப் போனால், தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் ஒரு முடிவுக்கு வந்தார்: வாயில் வைத்த எதையும் தண்ணீராகிற வரைக்கும் மென்றுதான் விழுங்குவது. பாலையும் சூப்பையும்கூட வாயில் வைத்துச் சுவைத்து மெல்ல வேண்டும் என்றார். சின்ன வெங்காயம் ஒன்றை 722 தடவை மென்றதாக அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சாம்பார் வெங்காயத்தை இப்படி மெல்லத் தொடங்கினால் நம் வீட்டில் மதியச் சாப்பாடு இரவு ஒன்பது மணிக்குத்தான் முடியும்!

உடம்பு இளைத்தது. ஊர் ஊராகப் பேசினார், புகழ் பெற்றார். பேட்டில் கிரீக் நகரில் ஆரோக்கிய இல்லம் நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், ஆமாம், அதே கார்ன் ஃபிளேக்ஸ் கெல்லாக்தான், மெல்லுவதற்கென்றே ஒரு பாட்டை அங்கே பாட வைத்தார். தன் மலம் கொஞ்சமாகத்தான் வருகிறது, வாடையே இல்லை என்று பிளெட்சர் பெருமைப்பட்டுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்கவும்.

சிக்கல் எங்கே தெரியுமா? எவ்வளவு மென்றும் கரையாத சக்கையை அவர் துப்பிவிடச் சொன்னார். அந்தச் சக்கைதான் நார்ச்சத்து. பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. மலம் குறைந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது? நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் சில ஆண்டுகள் இந்த முறையைப் பக்தியோடு பின்பற்றினார், கடைசியில் தன் வயிறு கெட்டதற்கு இதையே குறை சொன்னார். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பார்கள் நம் ஊரில். பிளெட்சர் 1919-ல் இறந்தபோது அவருக்கு 69.

ஆனாலும் பாதி உண்மை அவர் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பாதாமை 10, 25, 40 தடவை எனப் பிரித்து மெல்லச் சொன்னார்கள். பத்தே தடவை மென்றபோது கொழுப்பு அதிகமாக மலத்தோடு வெளியேறியது. பருப்பின் செல் சுவர்கள் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் குடலுக்குக் கிடைக்காது. வயிறு பிசையும், ஆனால் அது மிக்ஸி இல்லை. 722 வேண்டாம், நாலு கடியில் விழுங்கவும் வேண்டாம். நீங்கள் ஒரு வாய்க்கு எத்தனை தடவை மெல்லுகிறீர்கள்? இன்று எண்ணிப் பார்த்துக் கமெண்டில் எழுதுங்கள், பொய் சொல்லக் கூடாது.

பல் போன முதியவர்கள் கீரைத்தண்டையும் கடலையையும் ஒதுக்கிவிடுவார்கள். நார்ச்சத்து குறையும், மலச்சிக்கல் வரும். வீட்டில் பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வாயையும் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

[திரையில்: நுண்ணோக்கியில் ஊசி போன்ற பாக்டீரியா]

இப்போது தப்பிக்கிற ஆட்களிடம் வருவோம். ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று ஒன்று. பல் காரையிலும் ஈறு நோயிலும் குடியிருப்பது. 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பெருங்குடல் புற்றுக் கட்டிகளுக்குள் இதைக் கண்டுபிடித்தன. 2024-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: இதன் ஒரு குறிப்பிட்ட வகைதான் கட்டிகளில் செழிக்கிறது, பரிசோதித்த கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அது இருந்தது, வயிற்று அமிலத்தையும் அது தாங்குகிறது. ஈறில் ரத்தம் வந்தால் புற்றுநோய் என்று இதற்கு அர்த்தம் இல்லை; அப்படித் தலைப்பு வைக்கிற சேனல்களை நம்பாதீர்கள். (என் தலைப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.) ஆனால் ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் வருவதை மாதக்கணக்கில் வாஷ்பேசினோடு கழுவி விடுகிறோமே, அதுதான் எனக்குப் புரியாத பொறுமை.

கடைசியாக, எதிர்த்திசைப் பயணம். வயிற்று அமிலம் மேலே வந்தால் என்ன ஆகும்? அமிலத்தின் கடுமையைச் சொல்லும் அளவு பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. வாயில் அது 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். வயிற்று அமிலமோ 1 முதல் 2 வரை. அடிக்கடி எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு மேல் பற்களின் உட்புறம், அதாவது நாக்குப் பக்கம், தேயும். கண்ணாடியில் அது தெரியாது. பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியில்தான் தெரியும். பல்லைப் பார்த்துவிட்டு அவர் “நெஞ்செரிச்சல் உண்டா?” என்று கேட்டால் ஆச்சரியப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். வாந்தியோ புளித்த எதுக்களிப்போ வந்தவுடன் பிரஷ்ஷைத் தேடி ஓடாதீர்கள். அமிலத்தில் மென்மையாகிக் கிடக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவீர்கள். தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள், அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள்.