லாங் ரைடுக்கு முன்னாடி பழைய பைக் இக்னிஷனை எப்படித் தயார் பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கிற கேள்வி இது. "350 சிசி, ஒத்தை சிலிண்டர், சிபி பாயிண்ட் வச்ச பழைய வண்டி, 12 வோல்ட். 2000 கிலோமீட்டர் போகப் போறேன். கிளம்புறதுக்கு முந்தின நாள் பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் நாலையும் புதுசா போட்டுட்டா வழியில தொந்தரவு இருக்காதுல்ல? இல்ல, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கே மாறிடலாமா?"

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை: சிபி பாயிண்ட்ங்கிறது, எஞ்சினோட சேர்ந்து சுத்துற கேம் தட்டித் திறந்து மூடுற ஒரு ஸ்விட்ச். அது திறக்கும்போது காயில் பெரிய வோல்டேஜ் உண்டாக்கி பிளக்ல ஸ்பார்க் வரும். திறக்கும்போது பாயிண்ட் முகம் எரியாம பார்த்துக்கிறது கண்டென்சர். இப்ப முதல் பாதிக்கு நேராவே பதில் சொல்லிடறேன். முந்தின நாள் மாத்தாதீங்க. மாத்தணும்னா மூணு வாரம் முன்னாடியே மாத்துங்க. 300, 400 கிலோமீட்டர் ஓட்டுங்க. திரும்பத் திறந்து கேப்பும் (பாயிண்ட் திறந்து நிக்கிற இடைவெளி) டைமிங்கும் (ஸ்பார்க் வர்ற நேரம்) பார்த்துட்டு அப்புறம் கிளம்புங்க.

ஏன்னா, பாயிண்ட்ல கேம் மேல உரசிக்கிட்டே இருக்கிற ஒரு ஃபைபர் துண்டு இருக்கு பாருங்க, அது புதுசுல கேமோட சரியா பொருந்தி உட்காராது. முதல் சில நூறு கிலோமீட்டர்ல அது வேகமா தேயும். தேயத் தேய கேப் குறையும். கேப் குறைஞ்சா பாயிண்ட் லேட்டா திறக்கும், ஸ்பார்க்கும் லேட்டாகும். வண்டி இழுக்காது, எஞ்சின் அளவுக்கு மீறி சூடாகும், பெண்ட் பைப் (எஞ்சின்லருந்து சைலன்சருக்குப் போற குழாய்) நீலமாகும். இதெல்லாம் பாதி வழியில நடக்கும்போது, காரணம் தெரியாம ஆளுங்க கார்புரேட்டரைக் குடைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. கேப் 0.1 மில்லிமீட்டர் மாறினாலே டைமிங் சில டிகிரி நகர்ந்துடும். அதனாலதான் கேப் முதல்ல, டைமிங் பிறகு. இந்த வரிசையை மாத்தவே கூடாது.

கேப் அளவு, காயில் வச்ச வண்டிக்குப் பொதுவா 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். உங்க மேனுவல்ல வேற இருந்தா அதுதான் சரி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வைக்கும்போது ஒண்ணு கவனிங்க. பழைய பாயிண்டை லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒரு பக்கம் சின்னக் குழி, எதிர்ப் பக்கம் அதுக்கேத்த சின்ன மேடு தெரியும். கேஜ் அந்த மேட்டு மேல படுத்துக்கும், குழிக்குள்ள போகாது. நீங்க 0.40-ன்னு நினைப்பீங்க, உண்மையான கேப் அதைவிட அதிகமா இருக்கும். குழி சின்னதா இருந்தா மெல்லிய அரத்தால ரெண்டு முகத்தையும் சமமாக்கிட்டு அளங்க. ஆழமா இருந்தா அந்த பாயிண்டுக்கு ஆயுசு முடிஞ்சதுன்னு வச்சுக்கோங்க. தேய்ச்ச பிறகு ஸ்பிரிட்ல துடைச்சு, சுத்தமான வெள்ளைப் பேப்பர் ஒண்ணை நடுவுல விட்டு, பாயிண்டை மூடி இழுங்க. பேப்பர்ல கறுப்பு வராத வரைக்கும் இழுக்கணும். புது பாயிண்டுக்கும் இதைப் பண்ணணும். துருப் பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய்ப் படலம் பூசித்தான் வரும், அது இருந்தாலே கரண்ட் சரியா போகாது.

பாயிண்ட் மாட்டும்போது அடிக்கடி நடக்குற தப்பு, இன்சுலேஷன் வாஷர் வரிசை மாறிப் போறது. பாயிண்டோட ஸ்பிரிங்கும், காயில்லருந்து வர்ற ஒயரும், கண்டென்சர் ஒயரும் மூணும் ஒண்ணை ஒண்ணு தொடணும். ஆனா இந்த மூணுல எதுவும் பிளேட்டையோ, பிளேட்ல இருக்கிற போல்ட்டையோ தொடக்கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினா போதும், எப்பவும் எர்த் ஆகிக்கிட்டே இருக்கும், ஸ்பார்க்கே வராது. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு படம் எடுத்து வச்சுக்கோங்க. கேம் மேல தடவுற கிரீஸ் ரொம்பக் கொஞ்சம் போதும். அதிகமா வச்சா சூட்டுல தெறிச்சு பாயிண்ட் முகத்துல போய் ஒட்டி, எரிஞ்சு கறுத்துடும். சுத்தமா விட்டுட்டா ஃபைபர் சீக்கிரம் தேயும்.

அடுத்தது கண்டென்சர். லாங் ரைடுல ஆளை நடுவழியில நிறுத்துறது பெரும்பாலும் இதுதான். அதுலயும் ரொம்பத் தொல்லை, அது முழுசா சாகாது. காலையில ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேரம் ஓடி, எஞ்சின் சூடு அதுக்கு ஏறினதும் மிஸ்ஸிங், அப்புறம் நின்னுடும். அரை மணி நேரம் ஆறவிட்டா திரும்ப ஓடும். அப்போ பாயிண்ட் திறக்கிற இடத்துல பாருங்க. சின்னதா ஒரு பொறி இருந்தா பரவாயில்ல. பளிச்சுன்னு நீலமும் வெள்ளையுமா பெருசா தெறிச்சா கண்டென்சர்தான்.

மல்டிமீட்டர்ல பார்த்தா 0.2 மைக்ரோஃபேரட் கிட்ட காட்டுதே, அப்போ நல்லாத்தானே இருக்குன்னு கேப்பீங்க. மீட்டர் சில வோல்ட்லதான் டெஸ்ட் பண்ணுது. பாயிண்ட் திறக்கும்போது கண்டென்சர் மேல 200, 300 வோல்ட் ஏறும். அந்த வோல்டேஜ்ல, அந்த சூட்டுல கசியுதான்னு மீட்டர் சொல்லாது. நம்பகமான டெஸ்ட் ஓட்டிப் பார்க்குறதுதான். அதனால, இப்ப வண்டியில இருக்கிற கண்டென்சர் சூட்டுல மக்கர் பண்ணாம ஓடுதுன்னா அதையே விட்டுடுங்க. புதுசை ஒரு நாள் மாட்டி நல்லா சூடாகுற அளவுக்கு ஓட்டிப் பார்த்துட்டு, கழட்டி ஸ்பேரா பையில வைங்க. டப்பா பிரிக்காத ஸ்பேரை நான் ஸ்பேர்னு கணக்குலயே எடுக்க மாட்டேன். கண்டென்சரை எஞ்சின் சூடு படாத இடத்துக்கு, காயில் பக்கத்துல மாத்தி வைக்கிறதும் நல்ல வேலை. ஒயர் நீளம் குறைவா இருக்கட்டும், கண்டென்சர் டப்பாவுக்கு பெயிண்ட் சுரண்டின இடத்துல எர்த் கொடுங்க.

டைமிங். பிளக்கைக் கழட்டிட்டு, டாப் கியர் போட்டு பின் சக்கரத்தைச் சுத்தி, கம்ப்ரெஷன்ல பிஸ்டனை மேல கொண்டு வாங்க. ரெண்டு வால்வும் மூடியிருக்கணும், புஷ் ராட் ரெண்டும் லூசா சுத்தணும். பாயிண்ட் வச்ச 350 புல்லட்டுக்கு அளவு, டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் போற உச்சத்துக்கு) 0.8 மில்லிமீட்டர் முன்னாடி, அட்வான்ஸ் யூனிட் (வேகம் கூடக் கூட எடைகள் விரிஞ்சு ஸ்பார்க்கை முன்னாடி தள்ளுற பாகம்) முழுசா ரிடார்ட்ல, அதாவது எடைகள் விரியாம இருக்கும்போது. வேற வண்டின்னா அதோட மேனுவல் அளவு. ஒரு 12 வோல்ட் சின்ன பல்பை பாயிண்ட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மாட்டி, சாவி ஆன் பண்ணுங்க. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறக்கிற நொடியில எரியும். பிஸ்டன் அந்த அளவுக்கு வரும்போது சரியா எரியணும். எஞ்சினை எப்பவும் அது ஓடுற திசையிலயே சுத்திக்கிட்டு வாங்க. தாண்டிப் போயிட்டா, நல்லா பின்னாடி போய்த் திரும்ப முன்னாடி வரணும். இல்லன்னா கியர் பற்கள்ல இருக்கிற லூஸ் அளவைத் தப்பாக்கிடும்.

அப்படியே அட்வான்ஸ் யூனிட்டையும் பார்த்துடுங்க. கேமைக் கையால அது அட்வான்ஸ் ஆகுற பக்கம் திருகி விடுங்க, டக்குன்னு திரும்பி வரணும். மெதுவா வந்தாலோ பாதியில நின்னாலோ, எடை கோக்குற பின்ல பழைய கிரீஸ் கெட்டியா பிடிச்சிருக்கும். கழுவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. ஸ்பிரிங் தளர்ந்திருந்தா ஜோடியா மாத்துங்க. இது அட்வான்ஸ்லயே சிக்கிக்கிட்டா கிக்கர் திருப்பி அடிக்கும், ஏத்தத்துல எஞ்சின் தட்டும். கணுக்கால் போற விஷயம், சாதாரணமா எடுத்துக்காதீங்க.

காயிலைப் பொறுத்தவரை, ஓடுறதை மாத்தாதீங்க. 12 வோல்ட் காயில்ல பிரைமரி (பாயிண்டோட சேர்ற சுற்று) 3-லிருந்து 4 ஓம் கிட்ட இருக்கும். அதைவிட முக்கியம், காயிலுக்கு எவ்வளவு வோல்ட் போய்ச் சேருதுன்னு பார்க்குறது. பாயிண்ட் மூடின நிலையில சாவி ஆன் பண்ணி, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு முனையை காயில் பிளஸ்லயும் வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா சாவி, கில் ஸ்விட்ச், ஃபியூஸ் ஹோல்டர், கனெக்டர், இதுல எங்கயோ கரண்ட் வீணாகுது. பழைய வண்டியில இது 1 வோல்ட்டைத் தாண்டுறது சகஜம். அதே மாதிரி காயில் மைனஸ்லருந்து பேட்டரி மைனஸுக்குப் பாருங்க, 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதிகமா இருந்தா பாயிண்ட் அழுக்கு, இல்ல பாயிண்ட் பிளேட்டுக்கு எர்த் சரியில்ல. பிளேட்லருந்து நேரா ஒரு எர்த் ஒயர் இழுத்துடுங்க. டெஸ்டை சட்டுன்னு முடிச்சு சாவியை ஆஃப் பண்ணுங்க, பாயிண்ட் மூடினபடி ஆன்லயே விட்டா காயில் கொதிக்கும்.

பிளக் ஒயர் காப்பர் கம்பி வச்சதா இருக்கட்டும். திருகி மாட்டுற பிளக் மூடிக்கு கார்பன் ஒயர் பிடிக்காது. ராத்திரி வெளிச்சமில்லாத இடத்துல எஞ்சினை ஓடவிட்டு ஒயர் மேல லேசா தண்ணி ஸ்பிரே பண்ணுங்க. எங்கயாவது மினுக்குனா மாத்திடுங்க. பிளக் முனை இடைவெளி 0.6 மில்லிமீட்டர். ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமா வெளியேத்துதுங்கிற அளவு) மேனுவல்படி. ஒண்ணு ஞாபகம் வைங்க, என்ஜிகே பிளக்ல நம்பர் கூடினா கூல் பிளக், பாஷ், சாம்பியன்ல நம்பர் கூடினா ஹாட் பிளக். கம்பெனி மாத்தி வாங்கும்போது குழப்பம் இங்கதான் வருது.

மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம தானே ஸ்பார்க்குக்கான கரண்டை உண்டாக்குற யூனிட்) வச்ச வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு பாயிண்ட் கேப் பொதுவா 0.30. பல்பு டெஸ்ட் வேலை செய்யாது, உள்ள இருக்கிற காயிலே பாயிண்டை எர்த் பண்ணிடும். மெல்லிய சிகரெட் பேப்பரை பாயிண்ட்ல கடிக்க விட்டு, அது நழுவுற நொடியைப் பிடிங்க. ஸ்லிப் ரிங்கை (சுத்துற காயில்லருந்து கரண்ட் எடுக்குற வளையம்) பெட்ரோல் தொட்ட துணியால துடைச்சு, கார்பன் பிரஷ் சுலபமா நகருதான்னு பாருங்க. சூடான வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா, ஆர்மேச்சருக்கு (மேக்னெட்டோவுல சுத்துற காயில் பகுதி) உள்ள இருக்கிற கண்டென்சர்தான் முதல் சந்தேகம். அதை ரோட்டோரத்துல மாத்த முடியாது, கிளம்புறதுக்கு முன்னாடியே தீர்த்துடணும்.

பையில என்ன வைக்கணும்னா, ஓட்டிப் பார்த்த பாயிண்ட் செட், ஒயரோட கண்டென்சர், இடைவெளி செட் பண்ணின ரெண்டு பிளக், மூடி மாட்டின பிளக் ஒயர், ஃபியூஸ், ஃபீலர் கேஜ், அந்த சின்ன பல்பு. இடம் இருந்தா ஒரு காயில்.

இப்ப எலக்ட்ரானிக். நல்ல விஷயம்தான், கேப் தேயுற பிரச்சனையே கிடையாது. ஆனா ட்ரிப்புக்காக அவசரமா போடாதீங்க. சில மாட்யூல் (பாயிண்ட் வேலையைச் செய்யுற எலக்ட்ரானிக் பெட்டி) பேட்டரி வோல்ட் இறங்கினா ஸ்பார்க்கைத் தடுமாற விடும், அதனால முதல்ல சார்ஜிங் பாருங்க, ஓடும்போது பேட்டரியில 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரணும். பாயிண்ட் பிரச்சனையை ரோட்டோரத்துல அரம் வச்சுச் சரி பண்ணலாம், மாட்யூல் போனா ஒண்ணும் பண்ண முடியாது. போட்டே ஆகணும்னா ஒரு மாசம் முன்னாடி போட்டு ஓட்டுங்க. கழட்டின பாயிண்ட் பிளேட்டை கேப் செட் பண்ணி, கண்டென்சரோட ஒரு கவர்ல போட்டுக்கோங்க. பிளேட் உட்கார்ந்த இடத்தை ஹவுசிங்ல ஊசியால கோடு போட்டு வைங்க. அட்வான்ஸ் யூனிட்டையும் சேர்த்து எடுத்துக்கோங்க. நிறைய கிட்ல அதைக் கழட்டிட்டுத்தான் மாட்டணும், அது இல்லாம பாயிண்ட் பிளேட்டை மட்டும் திரும்ப வச்சு வண்டி ஓடாது.