அனுப்பும்போது எதற்குக் கடவுச்சொல்?

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சலை அமைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். உள்ளே வரும் அஞ்சலுக்குக் கடவுச்சொல் கொடுத்து நிமிர்ந்தால், வெளியே போகும் அஞ்சலுக்கும் தனியாக ஒன்று கேட்கும். நமக்கு வந்ததைப் படிக்கப் பூட்டு வேண்டும், சரி. நாம் எழுதியதை அனுப்ப எதற்குப் பூட்டு?

அஞ்சல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் கைமாற வேண்டும் என்று சொல்பவை எஸ்எம்டிபி விதிகள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய அந்த விதிகள்தான் இன்றும் மின்னஞ்சலுக்கு அடிப்படை. அதில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. தெருமுனைத் தபால் பெட்டி போலத்தான்: யார் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், அனுப்புநர் என்று யார் பெயரை எழுதியிருந்தாலும் கேட்காது. அஞ்சலைக் கையாளும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அது முன்பின் தெரியாதவர் தரும் கடிதத்தையும் வாங்கி அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். இப்படி யாருக்கும் திறந்திருக்கும் சர்வரைத் திறந்த ரிலே என்பார்கள். அந்தக் காலத்தில் அது உபகாரம்.

தொண்ணூறுகளில், கேட்காத விளம்பர அஞ்சலை மொத்தமாக அனுப்பும் ஸ்பேம்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் ஒன்று, கூடவே முகவரிகள் ஒரு மூட்டை; கொண்டுபோய் யாரோ ஒருவரின் சர்வரில் கொட்டினால் போதும். உழைப்பு அந்தச் சர்வருக்கு, கெட்ட பெயர் அதை வைத்திருப்பவருக்கு.

இந்த இடத்தில் ஜான் கில்மோரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பை 1990-ல் தொடங்கியவர்களில் ஒருவர். டோட் டாட் காம் என்ற தன் சர்வரை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றும் நண்பர்கள் எங்கிருந்தாலும் அதன் வழியாக அஞ்சல் அனுப்பட்டுமே என்பது அவர் கட்சி. ஸ்பேம் வரும் சர்வர்களைக் குறித்து வைக்கும் தடைப்பட்டியல்களில் அந்தச் சர்வர் ஏறியது. மனிதர் அசையவில்லை. கடைசியில், 2001-ல், அவருக்கு இணைப்புக் கொடுத்திருந்த வெரியோ நிறுவனமே அங்கிருந்து அஞ்சல் வெளியேறுவதை அடைத்தது. இது தணிக்கை என்றார் அவர். என்னைக் கேட்டால், அவர் கொள்கையில் பிழையில்லை. ஆனால் அந்தத் திறந்த கதவுக்கு விலை கொடுத்தது முகம் தெரியாத பெறுநர்கள்.

அதற்குள் மாற்று வழி வந்துவிட்டிருந்தது. 1998 டிசம்பரில், பயனர்கள் அஞ்சலை ஒப்படைக்க 587 என்ற தனி வாசல், அதாவது போர்ட் எண், வகுக்கப்பட்டது. பழைய 25-ஆம் வாசல் சர்வருக்கும் சர்வருக்கும் இடையே. 1999 மார்ச்சில், அனுப்புபவர் தன்னை நிரூபிக்கும் முறையும் விதியாக வந்தது. இடையில் ஒரு வேடிக்கையான ஏற்பாடும் இருந்தது: முதலில் இன்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும், அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அனுப்ப அனுமதி!

ஒன்றைக் கவனியுங்கள். கடவுச்சொல் ஸ்பேமை நிறுத்துவதில்லை. எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று காட்டுகிறது. கணக்கு தெரிந்தால் எண்ணலாம், வரம்பு வைக்கலாம், பூட்டலாம். திரும்பவும் சொல்கிறேன், நிறுத்துவதில்லை, காட்டுகிறது. திருடர்கள் உங்கள் கடவுச்சொல்லுக்கு அலைவது உங்கள் கடிதங்களைப் படிக்க மட்டுமல்ல. உங்கள் பெயரில் அனுப்பவும்தான்.

அனுப்புநர் முகவரியே பொய்யாக இருந்தால்? அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று வேறு சோதனைகள். மொத்தமாக அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இது மட்டும்: உங்கள் கைப்பேசியில் வெளிச்செல்லும் வாசல் 25 என்றிருந்தால், 587 அல்லது 465 என்று மாற்றுங்கள். வணக்கம்.