11 பேர் ஆடும் ஆட்டம், 9.9 ஸ்காலர்ஷிப்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து கோச்சின் வேலை

[திரையில்: 11. அதன் கீழே 9.9]

கால்பந்தில் களத்தில் இறங்குவது 11 பேர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான என்சிஏஏ டிவிஷன் 1-ல் ஆண்கள் அணிக்கு 2025 வரை அனுமதிக்கப்பட்ட முழு ஸ்காலர்ஷிப்போ 9.9தான். அதைத் துண்டு போட்டுக் கொடுக்கலாம். எப்படித் துண்டு போடுகிறார் என்பதுதான் கோச்சின் பதவியையே தீர்மானித்தது.

28 பேர் கொண்ட அணிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

[திரையில் ஒவ்வொரு வரியாக]
4 பேருக்கு முக்கால்: 3.0
7 பேருக்கு அரை: 3.5
8 பேருக்கு 0.3: 2.4
5 பேருக்கு 0.2: 1.0
4 பேருக்கு ஒன்றுமில்லை.
கூட்டினால் 9.9.

முக்கால் பங்கு கோல்கீப்பருக்கா, கோல் அடிப்பவருக்கா? முக்கால் வாங்கியவர் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தால், அந்த ஆண்டு அந்தப் பணம் களத்துக்கு வராது. இதைவிடப் பெரிய தவறு, பணத்தை ஒரே வகுப்பில் குவிப்பது. அரை வாங்கிய ஏழு பேரும் ஒன்றாகப் பட்டம் பெற்றுப் போனால், அடுத்த சீசனில் பதினெட்டு வயதுப் பையன்களை வைத்து 22 வயதுக்காரர்களோடு மோத வேண்டியிருக்கும்.

விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 9.9 போய்விட்டது. பதிலுக்கு அணிக்கு 28 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. வரம்பு போனதால் பணம் வந்துவிடாது. கல்லூரி ஒதுக்குவதை வைத்துத்தான் கணக்கு. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் முன்னேறி வரும் பையனுக்கு இடம் சுருங்கியதுதான் எங்களுக்கு வருத்தம்.

[காட்சி: வெயிலில் பள்ளி வயதினர் ஆடும் மைதானம், கோட்டோரம் நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர்]

இந்த வேலைக்குள் நுழையும் வழக்கமான பாதை இதுதான். கல்லூரி அணியில் ஆடியவர், முதுகலை படித்துக்கொண்டே கட்டணச் சலுகைக்கும் சிறு தொகைக்கும் உதவியாளராகச் சேருவார். பிறகு சிறிய கல்லூரியில் அசிஸ்டன்ட், பெரிய கல்லூரியில் அசிஸ்டன்ட், கடைசியில் தலைமைப் பொறுப்பு. கூடவே அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி, சி, பி, ஏ உரிமங்கள். உரிமம் தேவைதான், ஆனால் வேலை வாங்கித் தருவது, நல்ல பையன்களை அடையாளம் கண்டு அழைத்துவரும் திறமை.

ஒரு பையன் 10-ம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் ஜூன் 15-க்கு முன் கோச் அவனோடு பேசக்கூடாது, ஆட்டத்தைப் பார்க்கலாம். பார்க்கும்போது பலர் செய்யும் பிழை, பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவது. ஒருவனையே பத்து நிமிடம் பாருங்கள். பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து விநாடியில் என்ன செய்கிறான்? வார இறுதியின் மூன்றாவது ஆட்டத்தில், கால் கனக்கும்போது, எங்கே நிற்கிறான்? பதில் அங்கே கிடைக்கும்.

[திரையில்: 20 மணி நேரம்]

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். டிசம்பரில் நடக்கும் அரையிறுதி, இறுதிப் போட்டிகளுக்குக் காலேஜ் கப் என்று பெயர். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம். அணியின் வேலைக்கு வாரத்தில் 20 மணி நேரம்தான் அனுமதி, ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகக் கணக்கில் வரும். அப்படியானால் பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம், வீடியோ எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 14 மணி நேரம். ஆட்டத்துக்கு மறுநாளே, முதலில் களமிறங்கிய 11 பேரையும் கடுமையாக ஓடவிடும் இளம் கோச்சுகளின் அணியில், அக்டோபருக்குள் தொடைப் பின்தசைக் காயங்கள் வரிசைகட்டும். அவர்களுக்கு அன்று மெதுவோட்டம் போதும். கடும் பயிற்சி, ஆடாதவர்களுக்கு.

மாற்று ஆட்டக்காரர் விதியும் வழக்கமான கால்பந்திலிருந்து வேறு. முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் வெளியேறியவர் ஒருமுறை திரும்பலாம். அதனால் பெஞ்சில் இருக்கும் பதினாறாவது ஆளும் இங்கே நிஜமான ஆயுதம்.

இனி, யாரோடு ஆடுவது என்ற அட்டவணை. தேசியப் போட்டிக்கு 48 அணிகள். தேர்வுக்கு நீண்ட காலம் பயன்பட்ட ஆர்பிஐ என்ற தரவரிசைக் கணக்கில் உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், அந்த எதிரிகளின் எதிரிகளுக்கு மீதி 25. ஆகவே சொத்தை அணிகளை 5-0 என்று அடித்தாலும் மதிப்பு இறங்கலாம்.

[காட்சி: இண்டியானா பல்கலைக்கழகம், புளூமிங்டன்]

வேலையிலேயே வளர்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜெர்ரி யேக்லி. 1963-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வெறும் மன்ற அணியை எடுத்தார். அதற்கு அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைக்கவே 1973 ஆயிற்று. முதல் தேசியப் பட்டம் 1982-ல். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஐந்து பட்டம் கண்ட கோச் புரூஸ் அரீனா தொழில்முறை அணிக்கும், பிறகு அமெரிக்கத் தேசிய அணிக்கும் போனார்; யேக்லி அங்கேயே இருந்தார். 2003-ல் ஆறாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய உதவியாளர் மைக் ஃப்ரைடாக் அதே கோப்பையை மறுபடி வென்றார். அந்த அணியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் யேக்லி காலத்தில் சேர்த்த பையன்கள்.