பயணப் படத்தை ஓவியமாக்கும் ஃபில்டர் உள்ளே என்ன செய்கிறது?

[திரையில்: மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. படத்தின் இடப்பாதி அசல், வலப்பாதி ஆயில் பெயின்டிங்.]

குரல்: ஊர் சுற்றிவிட்டு வந்தால் போனில் படங்கள் குவிந்து கிடக்கும். அதில் சுமாரான ஒன்றை எடுத்து ஆயில் பெயின்டிங் ஃபில்டரைத் தட்டுகிறோம். ஒரு படம் அசத்தலாக வருகிறது, அடுத்தது சேறு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் போட்டது ஒரே ஃபில்டர்தான்.

[திரையில்: கூரை விளிம்பும் பின்னால் வானமும் பெரிதாகின்றன, பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.]

குரல்: ஆயில் பெயின்டிங் தோற்றத்துக்குப் பெயர்போனது குவஹாரா ஃபில்டர். 1970களில் இதயத்தைப் படமெடுக்கும் மருத்துவப் படங்களில் நாய்ஸை, அதாவது தேவையில்லாத புள்ளிகளைக் குறைக்க வந்த உத்தி இது. ஓவியத்துக்காக உருவானதே இல்லை!

கூரை விளிம்பில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி நான்கு சிறு சதுரங்கள், அந்தப் பிக்சல் நான்கிலும் இருக்கிறது. எந்தச் சதுரத்தில் நிறம் அதிகம் மாறாமல் இருக்கிறதோ, அதன் சராசரி நிறம் பிக்சலுக்குப் போகிறது. வானத்துப் பிக்சல் வானத்தின் பக்கம் சாயும், ஓட்டுப் பிக்சல் ஓட்டின் பக்கம். அதனால் விளிம்பு கூர்மையாகவே நிற்கிறது. ஓடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய கோடுகள்தான் கரைந்துவிடுகின்றன. பார்க்க அப்படியே தூரிகைத் தீற்றல்!

ஆக, கரைந்தாலும் கெடாத படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். வானத்தை வெட்டி நிற்கும் மலை, தண்ணீரில் ஒற்றைப் படகு, வெயிலும் நிழலும் பிரிந்து விழும் தெரு: இவை தாங்கும். அடர்ந்த இலைகள், கூட்டத்து முகங்கள், பெயர்ப்பலகை எழுத்து ஆகியவை போய்விடும்.

[திரையில்: ஆற்றங்கரை வீடுகளின் படம், மெல்ல மெல்ல ஓவியமாகிறது.]

குரல்: அப்புறம் ஏஐ வகை. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கேட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் தங்கள் ஊரின் நெக்கார் ஆற்றங்கரைப் படத்தை வான்கோ பாணியில் மாற்றிக் காட்டினார்கள். படங்களைப் பார்த்துப் பார்த்துப் பொருள்களை அடையாளம் காணப் பழகிய கணினி நிரலான நியூரல் நெட்வொர்க் ஒன்றின் ஆழமான அடுக்குகளிலிருந்து ‘எங்கே என்ன இருக்கிறது’ என்பதை எடுத்தார்கள். ஓவியத்தில் எந்த நிறமும் கோடும் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்ற கணக்கைப் பாணியாக வைத்தார்கள். இரண்டுக்கும் பொருந்தும்வரை படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவதால் நேரம் பிடித்தது. 2016இல் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் முறை வந்தது. போன் படத்தை ஓவியமாக்கும் பிரிஸ்மா ஆப்பும் அதே ஆண்டில்தான் வந்தது.

இதில் ஒரு தொல்லை: பாணி எல்லா இடத்திலும் ஏறும். வானத்தில் அழகாக இருக்கும் அதே சுழல் கூட வந்தவர் கன்னத்திலும் சுழலும்!

[திரையில்: இரண்டு லேயர்கள், மேல் லேயரின் ஒபாசிட்டி 100இலிருந்து 60க்கு இறங்குகிறது.]

குரல்: அதற்கு லேயர்தான் வழி. கீழே அசல், மேலே ஃபில்டர் போட்டது. மேல் லேயரின் ஒபாசிட்டியை, அதாவது கீழே உள்ளதை அது மறைக்கும் அளவை, 60 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். மேல் லேயரில் முகம் இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு மறைத்துவிட்டால் அசல் முகம் எட்டிப்பார்க்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பல ஃபில்டர்களில் தூரிகையின் அகலம் பிக்சல் கணக்கு. 4000 பிக்சல் அகலப் படத்தில் மயிரிழைபோல் தெரியும் தீற்றல், படத்தை 1000 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டுப் போட்டால் தடியாக விழும். ஃபில்டர் வேலையே செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் படத்தின் அளவைப் பாருங்கள்.

[திரையில்: ‘சேமி’ பட்டன், கோப்பின் அளவு விவரம்.]

குரல்: சேமிக்கும்போது வேறு பெயர் கொடுங்கள், அசல் அப்படியே இருக்கட்டும். சில ஆப்கள் படத்தைச் சுருக்கித்தான் திருப்பித் தரும். பிரின்ட் போடும் எண்ணம் இருந்தால், எத்தனை பிக்சல் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள்.